ரொஸ்விதாவின் செம்பருத்தி

"பதினேழு இலை," என்றார் மாடிவீட்டு பிளைடரர் அம்மாள், குப்பை முறத்தை எகோனின் மூக்குக்கு நேரே நீட்டி. "இந்த வாரம் படிக்கட்டு பெருக்குற முறை என்னோடது. உங்க வீட்டுச் செடிக்குச் சேவகம் பண்றதுக்கு இல்லை."

எகோன் மன்னிப்புக் கேட்டார். மனைவி ரொஸ்விதா ஆறு வாரம் மூட்டுவலிச் சிகிச்சைக்குப் போயிருந்தாள். செம்பருத்தி பனி தாங்காது. படிக்கட்டு ஜன்னலோரம் குளிர்ச்சியாக, வெளிச்சமாக இருக்கிறது, வசந்தம் வரை அங்கேயே தூங்கட்டும், தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பூனையைக்கூடத் தங்கை வீட்டில் விட்டவள், அதை மட்டும் அவரை நம்பி விட்டிருந்தாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஏழு குளிர்காலமாக அந்தச் செடி அவர் பொறுப்பு. ஒரு தடவைகூடச் சாகவில்லை. பீர் குடிக்கும் இடத்தில் அதை எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

பிளைடரர் அம்மாளின் முறை முடியும்வரை என்று தொட்டியை வீட்டுக்குள் இழுத்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். நாலே நாளில் இலைகளின் அடியில் வெள்ளை ஈக்கள் குடியேறின. குளியலறையில் நிறுத்திச் சோப்புத் தண்ணீரால் குளிப்பாட்டினார். ஈக்கள் போயின, மிச்ச இலைகளும் போயின.

அன்று பார்த்து ரொஸ்விதா போன் செய்தாள்.

"செம்பருத்தி எப்படி இருக்கு?"

"ரெண்டு மொட்டு விட்டிருக்கு," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "மொட்டா? பரவாயில்லையே," என்றாள் கடைசியில்.

இனி மொட்டு வந்தே ஆகவேண்டும். உரம் போட்டார். போதாதென்று காப்பித்தூள் சக்கையும் போட்டார். செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் அடித்தது. வெயில் பட்டால் மொட்டு வரும் என்று தொட்டியைப் பால்கனியில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் சோபாவில் சாய்ந்தார். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெளியே மைனஸ் எட்டு டிகிரி. செடி கறுத்துப்போன குச்சியாக நின்றது.

சனிக்கிழமை ரொஸ்விதா வருகிறாள். அவள் திட்டமாட்டாள், அதுதான் பயம். "சரி விடு" என்பாள். இனி வாங்கும் செடியும் அடுத்த குளிர்காலத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊராகப் பார்த்து, போன கோடையில் எடுத்த பால்கனி படத்தோடு ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனார். கண்ணாடிக் கூடாரத்துக்குள் நுழைந்ததும் கால்கள் நின்றன. மூன்றாவது வரிசையில், படத்தில் இருந்த மாதிரியே, இரட்டைத் தண்டு, இடப்பக்கம் சாய்ந்த கிளை. இரண்டு மொட்டுகூட இருந்தது. கடவுள் இருக்கிறார் என்று எகோன் முப்பது வருடத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

"அது விற்க இல்லைங்க," என்றாள் பண்ணைக்காரி. குளிர்காலத்துக்கு ஊரார் கொண்டுவந்து விடும் செடிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வரிசை அது என்றாள்.

எகோன் எதையும் மறைக்கவில்லை. படிக்கட்டு, ஈ, சோப்பு, மொட்டுப் பொய், மைனஸ் எட்டு எல்லாவற்றையும் கொட்டினார். "என் பொண்டாட்டிக்கு என்மேல இருக்கிற ஒரே நம்பிக்கை அந்தச் செடிதாங்க," என்றார்.

பண்ணைக்காரியின் முகம் இளகிவிட்டது.

"இதோட சொந்தக்காரம்மாவையே கேட்டுப் பாருங்க, உங்க கஷ்டம் அவங்களுக்குப் புரியும். ரொஸ்விதான்னு பேரு. ஏழு வருஷமா அக்டோபர்ல இதைக் கொண்டுவந்து விட்டுட்டு, வீட்டுக்காரர் வளர்க்கிறதுக்குன்னு வேற ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க. மே மாசம் வந்து இதை எடுத்துட்டுப் போய் மாத்தி வச்சிடுவாங்களாம். பாவம், அந்த மனுஷனுக்கு வித்தியாசமே தெரியாதாம்."