பழனி பஸ்ஸில் வந்த மாமா

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லிவிடுவேன் என்பது என் நீண்ட நாள் பெருமை. இப்போதெல்லாம் அதை யாரிடமும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் என் மனைவி செல்வி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள். அந்தப் பூட்டின் கதை இது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். செல்விக்கு ஒட்டன்சத்திரம். அவளைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பா, அதாவது எனக்குப் பெரிய மாமா, கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை என்று கோபம். செல்வியின் அப்பா நேரில் போவதாகத்தான் இருந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். (அவரிடம் போன் கிடையாது. அவர் மகனுடைய போனுக்கு அனுப்பினேன், இரண்டு கைகூப்பும் பொம்மைகளோடு.) அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. செல்வி அழுது மன்றாடியதில், ஒரே ஒரு நாள் திண்டுக்கல் வந்து போகச் சம்மதித்திருந்தார். அவர் மனம் குளிர்ந்து திரும்பினால்தான் குடும்பம் ஒன்று சேரும்.

அவரை அழைத்துவர நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது செல்வி என் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே உத்தரவு போட்டாள். "ஏனுங்க, பத்திரிகைப் பேச்சை எடுத்துறாதீங்க. பேரு கீரு கேட்டு வைக்காதீங்க, பெரியவங்க பேரைக் கேட்டா மரியாதை இல்லைங்க. அவரு முன்னாடி போனை நோண்டுனா அவருக்கு ஆகவே ஆகாது. இந்தாங்க, போட்டோவைப் பாத்துட்டுப் போங்க."

"போட்டோ எதுக்குடி? ஆயிரம் பேர் நின்னாலும் உங்க பெரியப்பாவ நான் கண்டுபிடிச்சுருவேன்" என்றேன். மற்ற உத்தரவுகளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். போனை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

பழனி பஸ் வந்து நின்றது. முன்படியில் வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, மஞ்சள் பை சகிதம் ஒருவர் இறங்கி, யாரையோ தேடுவதுபோல் கழுத்தை நீட்டினார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.

"வாங்க மாமா, வாங்க! பஸ்ல கூட்டமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளைங்களா?"

"ஆமா மாமா, நான்தான் மாப்பிள்ளை."

இதைவிடத் தெளிவாக இரண்டு பேர் அறிமுகம் செய்துகொள்ள முடியுமா? (பின்படியில் இறங்கிய இன்னொரு வெள்ளை வேட்டியை நான் பார்க்கவே இல்லை.)

"நேரா வீட்டுக்குப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். வந்தவரை ஊரைக் காட்டாமல் அழைத்துப் போனால் என்ன மருமகன்? "அதெல்லாம் சாயங்காலம் போவோம் மாமா. மொதல்ல ஊரைப் பாருங்க" என்று வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்கோட்டைக்கு விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனதற்குப் பிறகு நான் அந்த மலையில் ஏறியதில்லை. ஆனால் உள்ளூர்க்காரன் அல்லவா! வெயில் பாறையில் பட்டுக் காலைச் சுட, ஒவ்வொரு வளைவிலும் நின்று கைக்கு வந்த சரித்திரத்தை அள்ளி விட்டேன். ஓரிடத்தில் ராணி தலை உலர்த்திய மண்டபம் என்று உருகி உருகிச் சொல்லி முடித்தபோது, பக்கத்துப் பலகையில் வெடிமருந்துக் கிடங்கு என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எவ்வளவு பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனேன்.

பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. (போனே இல்லாத மனிதருக்குப் போன் எப்படி என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மகன் வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.) எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தரகனுங்க. நாமதான் நேர்லயே பாத்துட்டமே, இனி அவன் எதுக்குங்க?"

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை ஊர். தக்காளித் தரகராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது விசாரணை ஆரம்பித்தது. வேலை நிரந்தரமுங்களா, வீடு சொந்தமுங்களா, தண்ணி கிண்ணி பழக்கமுண்டுங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்யாணத்துக்கு முன் கேட்க முடியாமல் போனதையெல்லாம் இப்போது கேட்கிறார், பாவம் என்று பணிவாகப் பதில் சொன்னேன்.

"பொண்ணைப் பத்தி நானே சொல்லிறேனுங்க. கோவம் கொஞ்சம் சாஸ்தி. சமையலும் சுமார்தானுங்க."

பெற்ற மகளைப்போல் வளர்த்தவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கென்ன தயக்கம்? "தெரியும் மாமா. சாம்பார்னு ஒண்ணு வைப்பா பாருங்க, வேற யாராலயும் வாயில வைக்க முடியாது. அதெல்லாம் பெருசு பண்றதில்ல. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தரகன் சாம்பாரு வரைக்கும் சொல்லிட்டானுங்களா? இருந்தும் சரிங்கறீங்களே! எனக்குப் பூரண சம்மதமுங்க மாப்பிள்ளை. மத்ததை வீட்டுல பெரியவங்ககிட்டப் பேசிக்கலாம்."

தரகர் சாம்பார்ப் பொடியும் விற்பார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சம்மதம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கோபம் தீர்ந்தது, அண்ணன் தம்பி பேசப்போகிறார்கள், எல்லாம் என் சாமர்த்தியத்தால்! அந்தக் குஷியில் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போய், அவர் போதும் போதும் என்று கையை விரித்து மறைத்த இலையில் கோலா உருண்டையாக வைக்கச் சொன்னேன். பிறகு கடைவீதியில் இருப்பதிலேயே கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி, "திண்டுக்கல் வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது மாமா" என்று கையில் திணித்தேன்.

மாலை நான்கு மணிக்கு வெற்றி வீரனாக வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். செல்வி ஓடி வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"இவரு யாருங்க?" என்றாள் என்னிடம்.

"இவங்க யாருங்க, தங்கச்சிங்களா?" என்றார் அவர் என்னிடம், அதே நொடியில்.

"என் சம்சாரம்" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பூட்டு நழுவிக் கீழே விழுந்தது. "சம்சாரமுங்களா! அப்புறம் எதுக்குங்க என் புள்ளையக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

அவர் நெய்க்காரப்பட்டிக்காரர். மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வந்தவர். மாப்பிள்ளையே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. "தரகன் குடுத்த போட்டோவுல மாப்பிள்ளை செவப்பா இருந்தாருங்க. வெயில்ல கறுத்திருப்பாருன்னு நெனச்சேன்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். போதாக்குறைக்குச் செல்வியைப் பார்த்து, "சமையல் சுமாருன்னு இவரும் சொன்னாருங்களே. சாம்பாரைப் பத்திக்கூடச் சொன்னாரே. நான் எம்புள்ளையச் சொல்றாருன்னுல்ல இருந்தேன்!" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்தால் தேவலை என்று இருந்தது.

உள்ளிருந்து ஒருவர் எழுந்து வந்தார். மீசையே இல்லாத, ஒல்லியான மனிதர். அசல் பெரிய மாமா. பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறார்.

"கல்யாணத்துக்குத்தான் ஒழுங்கா அழைக்கலை. கண்ணு முன்னாடி வந்து எறங்கியும் அழைக்கலையே!" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "இல்ல மாமா, ஆளைப் பாத்ததும் நான்..."

பெரிய மாமா குனிந்து பூட்டை எடுத்து, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, செல்வியின் கையில் கொடுத்தார். "இத உன் வீட்டுக்காரரு வாய்க்குப் போடு கண்ணு."

நெய்க்காரப்பட்டிக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெரிய மாமாவுக்கு. இரண்டு பேரும் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. (சாம்பார்.) அதன் பிறகு பெரிய மாமாவே, "எங்க வீட்டுத் தப்பு, நானே கொண்டுபோய் விடறேன்" என்று அவரை ஆட்டோவில் ஏற்றி அசல் மாப்பிள்ளை வீட்டில் சேர்த்து, சம்பந்தியைத் தொலைத்துவிட்டுப் பதறிக்கொண்டிருந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, பேச்சையும் முடித்து வைத்துவிட்டு வந்தார். வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "கண்ணு, உங்கப்பனுக்குப் போனைப் போடு. இதை நானே அவன்கிட்டச் சொல்லணும்." நான்கைந்து மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அன்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். முழுக்க என்னைப் பற்றி.

அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு நேரிலேயே வந்தது. மண்டபத்தில் பெண்ணின் அப்பா என் தோளைப் பிடித்து ஒவ்வொருவரிடமும், "நான் மொதல்ல சம்மதம் சொன்ன மாப்பிள்ளை இவருதானுங்க" என்று அறிமுகம் செய்தார். அசல் மாப்பிள்ளை என்னோடு போட்டோவுக்கு நிற்கும்போது சிரிக்கவில்லை. நிஜமாகவே அவர் என்னைவிடச் சிவப்புதான்.

பெரிய மாமா இப்போது அடிக்கடி வருகிறார். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆதார் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். நானும் பெயரையும் போட்டோவையும் சரிபார்த்துவிட்டுத்தான் "வாங்க மாமா" என்கிறேன்.