டாக்டர் பாஸ் பண்ணிய நாய்

இனி இந்த வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று தியாகு முடிவு கட்டினான். அதை மனைவியிடம் சொல்லவில்லை, ஆர்க்குட்டில் சொன்னான். 'எங்கள் குடும்பத்தின் புது வரவு, அடுத்த ஞாயிறு முதல்!' என்று ஒரு புல்டாக் குட்டியின் படத்தைப் போட்டான். பேகம்பேட் ஆபீசே வாழ்த்திவிட்டது. மேனேஜர் ரெண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். வீட்டு அனுமதி மட்டும்தான் பாக்கி.

"ஏனுங்க, இந்த மூஞ்சியக் காசு குடுத்து வேற வாங்கோணுமா?" என்றாள் திரிபுரசுந்தரி. பொள்ளாச்சியை விட்டு ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்து எட்டு வருஷம். பேச்சு மட்டும் பஸ் ஏறவே இல்லை. "வாசல்ல நம்ம செவலை இருக்குதுங்களே. மூணு வருசமாத் தயிர்ச்சோறு திங்குது. ஒரு தும்மல் போட்டிருக்குமா?"

"தெருநாய உள்ள விட்டா என் மானம் என்ன ஆவறது?"

"புல்டாக்குக்குப் பரம்பரை நோவு நெறையாமா. எதுத்த வீட்டு லலிதாக்கா சொன்னாங்க."

இதற்குத்தான் அவன் காத்திருந்தான். குட்டி விற்பவன் ஏற்கெனவே ஓதியிருந்தான்: "எட்டு வாரத்துலயே டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார். அப்ப ஒண்ணும் தெரியாது. டென்ஷன் நக்கோ, வேணவே வேணாம்!"

"சரி சுந்தரி. டாக்டர் பாஸ் பண்ற நாய் வீட்டுக்குள்ள வரும். பாஸ் பண்ணாதது வராது. அப்புறம் நீயும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன். மருதமலை முருகன் மேல சத்தியம்!"

"நெசமாத்தானுங்க?"

"நெசமாத்தான்."

"அப்பச் சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. புத்தியுள்ளவனாக இருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பான். இவன் விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனான்.

ஞாயிறு காலை. வாடகைக் காரின் முன்சீட்டில் தியாகு, மடியில் குட்டி. பின்சீட்டில் சுந்தரியும் செவலையும். "அதுக்கும் ஒரு ஊசி போட்டுட்டு வந்தர்லாங்க" என்றாள். ஜெயிக்கப்போகிறவன் தாராளமாக அனுமதித்தான்.

போலாரத்தில் சூசைராஜ் டாக்டரின் கிளினிக். ராணுவத்தில் குதிரைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்து ரிட்டயர் ஆனவர். வாசலில் ஆறே படிகள். ஏறி முடிப்பதற்குள் தியாகுவுக்கு மூக்கும் தொண்டையும் சேர்ந்து கொர் கொர்ரென்றன.

டாக்டர் குட்டியின் வாயைத் திறந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"அண்ணத்துல பிளவு இல்ல. அது பொறந்தப்பவே தெரிஞ்சிரும். இதயத்துல சத்தம் இருந்தா பெரும்பாலும் இந்த வயசுலயே கேட்டிரும். அதுவும் இல்ல."

"பாஸ்!" என்று துள்ளினான் தியாகு.

"உக்காருங்க. மூச்சுத்திணறலும் குறட்டையும் வெளிப்பட ஒரு வருஷம் கூட ஆகும். இடுப்பெலும்புக் கோளாறு இருக்கா இல்லையான்னு அடிச்சுச் சொல்ல ரெண்டு வயசுல எக்ஸ்ரே எடுக்கணும். இன்னிக்கு நான் எப்படிப் பாஸ் போட முடியும்?"

"சும்மா ஒரு கையெழுத்து சார்..."

"நாப்பது வருஷ சர்வீஸ்ல பொய்க் கையெழுத்து போட்டதில்ல."

சுந்தரி மெதுவாகச் செவலையை மேஜைமேல் ஏற்றினாள். "டாக்டர், நம்மளதுக்கு ரிசல்ட் வந்துருச்சுங்களா?"

"போன வாரம் எடுத்த எக்ஸ்ரேதானே? இந்தாம்மா. மூணு வயசு. இடுப்பு, மூச்சு, இதயம், எல்லாம் முதல் தரம். பாஸ்!"

போன வாரமா! தியாகு விரல் விட்டு எண்ணினான். சத்தியம் செய்ததே நேற்றுத்தானே!

"நான் ஒத்துக்க மாட்டேன்!" என்று கத்தினான்.

"லலிதாக்கா ஆர்க்குட்டுல நீங்க போட்ட படத்தக் காட்டுன அன்னைக்கே செவலைய இங்க கூட்டிட்டு வந்துட்டனுங்க. பேசக்கூடாதுன்னு முருகன் மேல சத்தியம் பண்ணுனீங்களே? சாமி குத்தமாயிருமுங்க."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு மேனேஜர் முகத்தில் எப்படி முழிப்பது? பேச வாயெடுத்தான். கொர்ர்ர் என்று மூச்சுத்தான் வந்தது. குட்டி அவனை நிமிர்ந்து பார்த்து, தன் இனம் என்று வாலை ஆட்டியது.

டாக்டர் கவலையோடு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். "ஏம்மா, இவருக்கு இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?"

"பொண்ணு பாக்க வந்தப்ப இல்லீங்க டாக்டர். ரெண்டாம் வருசந்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள வீட்டுக்குள்ள உட்டுப்போட்டனுங்களே!"