உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஒரு லைன்

செத்துப்போன அப்பாவிடம், “அந்தப் பக்கம் குரல் தெளிவா கேக்குதாப்பா?” என்று தொழில்முறையில் விசாரித்த ஒரே மகன் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் சொந்த வீட்டுக் கூடம், சாட்சிக்கு மூன்று பெண்கள். இன்றைக்கும் அவர்களில் யார் என்னைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் ‘சாப்டியா’ என்கிறார்கள்.

அப்போது நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். ஊருக்குள் பிராட்பேண்ட் வந்த புதுசு. தெருவில் யார் வீட்டு டிவி ரிமோட் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு, பெரிய ஆபரேஷனை முடித்த டாக்டர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வருவேன். (அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அம்புட்டுத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.)

அந்த வருஷம் என் தங்கை அமலிக்கு வடமதுரைப் பையன் ஒருவரைப் பேசியிருந்தோம். பெயர் பெனடிக்ட், வேலை கனடாவில். எல்லோருக்கும் சம்மதம், அமலியைத் தவிர. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. “அப்பா இருந்தா நேர்ல போயி நாலு பேர்ட்ட விசாரிச்சிருப்பாரு. நீங்க போட்டோவ விசாரிச்சிட்டு வந்து நிக்கிறீங்க” என்பாள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை போனில் பேசட்டும், அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுகிறேன் என்று இறங்கி வந்தாள்.

அதற்காக மாப்பிள்ளை ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். சோப்பு டப்பா அளவுதான். அதை இன்டர்நெட்டில் மாட்டி, சாதாரண போனை அதில் செருகினால், அவர் கனடாவில் அடுத்த தெருவுக்குப் பேசுகிற மாதிரி எங்களோடு பேசலாம். நான் வயரை இழுத்து மாட்டினேன். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது என்று, சென்டரிலிருந்து ஒரு பழைய யூபிஎஸ்ஸைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து, பெட்டியையும் இன்டர்நெட் மோடத்தையும் அதில் இணைத்தேன். (சொன்னால், வெடித்துவிடும் என்று அம்மா பயந்துவிடுவாள்.) மாப்பிள்ளை நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மணி போனது. அங்கே நடுராத்திரியாயிற்றே என்று உடனே வைத்துவிட்டேன். மணி போனால் பேச்சும் போகும், வரும். அதில் தனியாக என்ன சோதனை வேண்டிக் கிடக்கிறது?

மறுநாள் காலையிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, காலிச் சொம்பைக் காதில் வைத்தது போல ஒரு வெறுமை. ஆனால் அந்த வெறுமைக்குள் ஆள் இருப்பதாகத் தோன்றும். போனை வைக்கக் கை வராது.

அது நவம்பர் மாதம். எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் அது ஆன்மாக்களின் மாதம். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையில் செவ்வந்திப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மோட்சத்துக்குப் போகிற வழியில், உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடக்கும் ஆன்மாக்கள் ஜெபம் கேட்டு வீட்டுப் பக்கம் வரும் என்பதில் அப்பாவின் அக்காவான ஆத்தூர் அத்தைக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அத்தை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

போதாததற்கு அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து போன் செய்தால் அவர் முதலில் பேசமாட்டார். எடுத்தவர் மரியாதையாகப் பேசுகிறாரா என்று மூச்சுக் காட்டாமல் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். (ஹெட்மாஸ்டர், வேறெப்படி இருப்பார்?)

“அவருதான்” என்றாள் அம்மா, போனை வைத்துவிட்டு. முகம் வெளுத்திருந்தது.

“லைன் கெட்டிருக்கும்மா” என்றேன். சொன்ன பிறகுதான், லைனைப் போட்டவன் நான் என்பது உறைத்தது. “சேச்சே, நான் போட்ட லைன் கெடாது” என்று நானே திருத்தினேன். போச்சு. லைன் கெடவில்லை என்றால் அப்புறம் அப்பாதானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. தெருவே இருட்டு. அம்மா அப்பா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள், அத்தை ஜெபமாலையை ஆரம்பித்தாள். பாதியில் போன் அடித்தது. கரண்டில் ஓடும் பெட்டி, கரண்ட் இல்லாத வீட்டில் அடிக்கிறது! மூலையில் அதன் பச்சை விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது. (யூபிஎஸ் இருப்பது உனக்குத் தெரியுமே என்பீர்கள். சத்தியமாக அந்த நிமிஷம் எனக்கே ஞாபகம் வரவில்லை. எனக்கும் முதுகு சில்லிட்டுப் போனது.)

“ஏலே சேவி, எடுலே” என்றாள் அத்தை. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். அதே காலிச் சொம்பு.

“ஏங்க... நீங்கதான?” அம்மாவின் குரல் உடைந்தது. “பேச வேணாம். செத்த நேரம் கேளுங்க, போதும். மாப்பிள்ளைக்கு முன்னாடி முடி இல்லன்னு நெனைக்கிறேங்க. அனுப்புன போட்டோ அம்புட்டுலயும் தொப்பி. கேட்டா குளிராம். வீட்டுக்குள்ள எடுத்த போட்டோலயுமா குளிரும்?”

அத்தை பாய்ந்தாள். “தம்பி, அந்த வடமதுரைக்காரவுக பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கேசரியத் தொடவே இல்லப்பா. இனிப்பத் தொடாத சனத்த எப்படி நம்புறது?”

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “அப்பா, லைன் போட்டது நான்தான். அந்தப் பக்கம் குரல் தெளிவா கேக்குதாப்பா?”

அமலி என்னைத் தள்ளிவிட்டு ரிசீவரை எடுத்துக்கொண்டாள். “அப்பா, முடியெல்லாம் இல்லாட்டிப் பரவால்ல. எனக்கு அந்த ஆளப் பத்தி ஒண்ணுமே தெரியாது. இம்புட்டுத் தூரம் போகணும். பயமா இருக்குப்பா. நல்ல ஆளுன்னா, நான் போனை வச்சதும் திரும்ப ஒரு தடவை அடிங்க. இல்லேன்னா அடிக்க வேணாம். நான் மாட்டேன்னு சொல்லிடுறேன்.”

வைத்தாள். மெழுகு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, இனி அடிக்காது என்று அமலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

போன் அடித்தது.

எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அது அடித்து ஓய்ந்தது. அமலி தேம்பித் தேம்பி அழுதாள். ஆறு மாதமாக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் தைரியம் வந்து, பெட்டியையும் மோடத்தையும் நோண்டினேன். மோடத்தில் ஒரு செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தேன். அதனால் எங்கள் குரல் போகும், அவர்கள் குரல் வராது. சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அப்படியானால் நாங்கள் பேசியதை யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். தொப்பி! கேசரி! தங்கை கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. “கேக்குதா?” என்றார் மாப்பிள்ளை. “நல்லா கேக்குது” என்றாள் அமலி. அவர் வெள்ளிக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அமலி சரி என்றாள்.

கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை காரிலிருந்து தொப்பியில்லாமல், நெற்றி உச்சிவரை பளபளக்க இறங்கினார். பந்தியில் கேசரியை மூன்று தடவை கேட்டு வாங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. மறுவீட்டு விருந்தில் அம்மா அந்த அற்புதத்தை விவரிக்க ஆரம்பித்ததும் அவருக்கு ரசம் புரையேறியது.

“அத்தை, அது நான்தான்” என்றார் அம்மாவிடம். “ஹலோ ஹலோன்னு கத்துனேன், உங்களுக்குக் கேக்கல. வைக்கலாம்னா நீங்க அழுறீங்க. எப்படி வைக்கிறது?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அமலிதான் கேட்டாள்: “அப்ப, திரும்ப அடிச்சதும் நீங்கதானா?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “இல்ல அமலி. அடிக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. உங்கப்பாட்ட நீ கேட்டதுக்கு நான் பதில் சொன்னா ஏமாத்துற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை நீ மாட்டேன்னு சொல்லப் போறன்னுதான் நெனச்சேன்.”

அம்மா திரும்பி அப்பா படத்தைப் பார்த்தாள்.

இன்றைக்கு எனக்கு விவரம் தெரியும். இன்டர்நெட் போன்களை ஏதோ ஊரிலிருந்து ஏதோ இயந்திரங்கள் கண்டபடி அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது அப்படி வந்த மணிதான். இதை வீட்டில் பலமுறை விளக்கிவிட்டேன். “மாப்பிள்ளை நல்லவருன்னு அந்த மெஷினுக்கு எப்படிலே தெரியும்?” என்கிறாள் அம்மா.

பேச்சில்லாத போன் எது வந்தாலும் எங்கள் வீட்டில் ‘ஹலோ’ கிடையாது. “யாரு, மாமனாரா மருமகனா?” என்றுதான் அம்மா கேட்பாள். கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, “லைன் தெளிவா இருக்கான்னு கேளுலே” என்று அத்தை தவறாமல் இடிப்பாள். எல்லோரும் சிரிப்போம். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் செல்போன் அடித்தால் மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.