இரண்டு மச்சம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வட்டம் வெட்டாத தலையே கிடையாது. பயப்படாதீர்கள், அரிவாளால் அல்ல, மவுஸால். காதுகுத்து, கல்யாணம் என்று எந்த பேனரானாலும் அடிவரிசையில் சொந்தபந்தங்களின் முகங்கள் வட்ட வட்டமாக நிற்குமே, அவற்றை போட்டோக்களிலிருந்து வெட்டியெடுப்பதுதான் அவர் பிழைப்பு. அதனால் பெயரே வட்டம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவர் வேலை பார்த்த பேனர் கடையில்தான் நான் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மற்ற கடைகளில் பத்து நிமிடத்தில் பத்து தலை விழும். வட்டத்துக்கு ஒரு தலைக்கு அரை நாள். மர ஸ்கேலை மானிட்டர் மேல் வைத்து அளப்பார். ஒரு பங்காளியின் முகம் இன்னொரு பங்காளியின் முகத்தைவிட ஒரு நூல் குறைந்தாலும் பந்தலில் கைகலப்புதான் என்பார். வட்டத்தைச் சுற்றி ஆளுக்கேற்ற அலங்காரம் வேறு. கரும்புக்காரருக்குக் கரும்பு, டிராக்டர்காரருக்குக் குட்டி டிராக்டர். எல்லாம் அவரே பிடித்த படத்திலிருந்து வெட்டியது. ஒரே ஒரு மரவள்ளி இலைக்காகக் மலைமேல் இருக்கும் கரியாலூர் வரை பஸ் ஏறிப் போய் வந்தார்.

"இங்க இல்லாத மரவள்ளியாண்ணே?" என்றேன்.

"அவரு மலையில பயிர் வெக்கிறவரு தம்பி. கீழ இருக்கிற எல அவருக்கு எப்டி ஒத்துக்கும்?"

ஒருநாள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் அம்மா ஒருவர் வந்தார். மகளுக்குக் காதுகுத்து. அவர் தம்பி சண்டை போட்டுக்கொண்டு மலைக்குப் போய் நாலு வருஷமாகப் பேச்சே இல்லை. அந்தம்மாவிடம் இருந்த தம்பியின் ஒரே படம் ஒரு கல்யாண குரூப் போட்டோ. அதிலும் பாதி முகத்தை வாழைமரம் மறைத்திருந்தது.

"தாய்மாமன் மடி இல்லாம எம்பொண்ணு எங்க ஒக்காருவாண்ணே? அவன் மூஞ்ச பேனர்ல போட்டு போன்ல அனுப்பினாதான் வருவான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வட்டம் இரண்டு நாள் ஸ்கேலும் கையுமாக மானிட்டர் முன்னாலேயே கிடந்தார். மூன்றாம் நாள் தெரிந்த பாதி முகத்தை அப்படியே திருப்பி, மறைந்த பாதியின் இடத்தில் ஒட்டிவிட்டார். மரவள்ளி இலை சூழ முழு மாப்பிள்ளை போல முகம் வந்துவிட்டது. அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

காதுகுத்துக்கு முதல் நாள் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தார்.

"எவன்யா எனக்கு ரெண்டு மச்சம் வெச்சது? எங்கூர்ல எல்லாம் சிரிச்சிக்கினு கெடக்கிறாங்க!"

உண்மையான மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. திருப்பி ஒட்டியதில் வலது கன்னத்திலும் ஒன்று முளைத்துவிட்டது. ஒரு நூல் பிசகையும் பொறுக்காத மனுஷருக்கு இது எப்படித் தப்பியதோ! வட்டம் ஸ்கேலை எடுத்து அவர் நிஜக் கன்னத்தில் வைத்து அளந்தார்.

"ஆமாங்க, ஒண்ணு ஜாஸ்தி. திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சிக்கோங்க."

"இன்னாய்யா வெளாட்றியா? அழி அத!"

"அழிக்க ஒரு வாரம் ஆவுங்க."

"காதுகுத்து நாளைக்குய்யா!"

"அப்ப நேர்ல போய் கொழந்தைய மடியில வெச்சி ஒக்காந்துக்கோங்க. நெஜ மூஞ்சி எதுர்ல இருக்கும்போது பேனர எவன் பாக்கப்போறான்?"

வந்தவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மூங்கில்துறைப்பட்டுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று என்னிடம் கேட்டார். மறுவாரம் அந்தம்மா ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்போடு வந்தார். குழந்தை மாமன் மடியை விட்டு இறங்கவே இல்லையாம். வட்டம் மட்டும் முகம் கொடுக்காமல், "மச்சம் தப்பா பூட்ச்சிம்மா" என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார்.

இப்போது வட்டம் தன் மகளோடு திருப்பூரில் இருக்கிறார். சென்ற மாதம் நாங்கள் புது வீடு குடிபோனோம். செல்போனே ஒரு நொடியில் முகத்தை வட்டமாக வெட்டித் தருகிறது. இருந்தாலும் மனசு கேட்காமல் பேனருக்காக என் படத்தை அவருக்கு அனுப்பினேன். விசேஷம் முடிந்த மறுநாள்தான் அவர் வெட்டிய வட்டம் வந்து சேர்ந்தது. புதுவீட்டுக்காரனுக்கு ஏற்ற மாதிரி சுற்றிலும் மாவிலைத் தோரணம். என் வலது கன்னத்தில், எனக்கு இல்லாத ஒரு மச்சம்.

தப்பு என்று யாராவது சொல்லட்டும், வாட்ஸ்அப்பில் அந்த முகத்தைத்தான் வைத்திருக்கிறேன்.