கீபோர்டு சோதனைக்கு ஒன்றும் தெரியாதவர் தேவை

பிள்ளைகளே, உங்கள் அப்பாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் வேலையை ஒருமுறை சொன்னால் போதும். "இதற்காகத் தயார் செய்துகொண்டு வராதீர்கள்" என்பதை மட்டும் நாலைந்து முறை சொல்லிவிடுங்கள். என் மகள் நிவேதா ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதனால்தான் அசோக் நகரில் ஒரு கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நல்ல கீபோர்டின் குடலை உருவி, கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீக்குள் போட்டேன்.

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். படிப்பு பத்தாவது. (பத்தாவது வரை போனேன் என்பதுதான் சரி.) ஆனால் ஒரே உதறலில் சேலையை விரித்து, முந்தானை சரியாக வாடிக்கையாளர் மடியில் போய் விழும்படி செய்வேன். நிவேதா பதினோராம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவார்கள். இவள் கேம் ஆடுகிற கீபோர்டைக் கழற்றிப் பார்ப்பாள்.

அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்: கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. கேமில் முன்னால் ஓட W எழுத்தை அமுக்க வேண்டும். ஆளாளுக்கு முன்னால்தானே ஓடுகிறார்கள்? அதனால் முதலில் சாவது W. அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் பிடுங்கி வேறு போட முடிந்தால் கீபோர்டு பிழைத்தது. முடியாவிட்டால் ஒரு எழுத்துக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதைக் கேட்டுத்தான் ஜாபர் பாய் அவளைப் பிடித்துக்கொண்டார். அசோக் நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"நாயித்துக்கெழம பசங்க நெறய வருவாங்கம்மா. மூணு கீபோர்டை வச்சு எதுல சுலபமா ஸ்விட்ச் மாத்தலாம்னு காட்டு. ஜனம் நீ சொல்றத நம்பிச்சுன்னா, வாராவாரம் கடையில உனுக்குன்னு ஒரு மேஜை போட்டுத் தர்றேன்."

அந்த மேஜைக்காக நிவேதா சாப்பாட்டை மறந்தாள். சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் வேணும். எல்லார் முன்னாடியும் மூணு கீபோர்டுலயும் W-வ மாத்தணும். நான் டைம் பார்ப்பேன். நீங்க வரீங்களா?"

மறுநாளே ஜவுளிக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், மகள் நிகழ்ச்சிக்கு நான்தான் முக்கிய ஆள் என்று. (எந்தத் தகுதியில் என்பதைச் சொல்லவில்லை.)

"ஆனா எதுவும் கத்துக்காதீங்க. அப்படியே வாங்க" என்றும் நிவேதா சொல்லியிருந்தாள். அப்படியே வருவதா? மகள் மேடை போட, அப்பன் திருதிருவென்று விழித்து அவள் மானத்தை வாங்குவதா?

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. நிவேதா பள்ளிக்குப் போனதும் சோதனைக்கான கீபோர்டுகளை எடுத்தேன். ஒன்று அவளுடையது, இன்னொன்று தோழியிடம் வாங்கியது. மூன்றாவது பாய் கடையிலேயே இருந்தது. ஸ்விட்ச் பிடுங்க ஒரு குட்டி இடுக்கி உண்டு. முதல் கீபோர்டில் அமுக்கி இழுத்தால் ஸ்விட்ச் பல் விழுவதுபோல வந்தது. நேராக வைத்து அழுத்தினால் உட்கார்ந்தது. இரண்டாவது ராங்கிக்காரி. துளை இறுக்கம். ஸ்விட்சின் மெல்லிய கால்கள் மடங்கி மடங்கிப் போயின. நிமிர்த்தினேன், போட்டேன், மடங்கியது, மறுபடி நிமிர்த்தினேன். சாயங்காலத்துக்குள் லேசாகச் சாய்த்து நுழைக்கும் வித்தை கைவந்துவிட்டது.

"ஏங்க, அவரைக்காய நறுக்கித் தாங்கன்னா எதைப் புடுங்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள் என் மனைவி செல்வி.

"மெதுவாப் பேசு. நிவிக்கு ஒரு சர்ப்ரைஸ்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் பையன்களும் பெண்களும் நிறைந்திருந்தார்கள். செல்வி டிபன் பையோடு ஓரமாக உட்கார்ந்தாள். பாய் டீ கிளாஸோடு முன் வரிசையில். நிவேதா குரல் நடுங்காமல் சொன்னாள்: "இவர் எங்கப்பா. இவருக்கு கீபோர்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் இவரைக் கூப்பிட்டிருக்கேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்றும் தெரியாததற்காக என் வாழ்நாளில் கிடைத்த ஒரே கைத்தட்டல்.

முதல் கீபோர்டு. நிவேதா செல்போனில் நேரத்தைத் தொடங்கிவிட்டு நிமிர்வதற்குள் முடித்துவிட்டேன். பழக்க தோஷத்தில், "பாருங்கம்மா, கை வச்சதும் வந்துடுச்சு!" என்று ஸ்விட்சைத் தூக்கிக் காட்டினேன். நிவேதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டாவது கீபோர்டு. சாய்த்தேன், நுழைத்தேன், முடிந்தது. அதுவும் அதே வேகம்.

பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் எழுந்தாள். "அங்கிள் பிராக்டிஸ் பண்ணிட்டு வந்திருக்காரு! இது ஏமாத்து!"

"சேச்சே, எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்று சொல்லி, அதை நிரூபிக்க அவசரமாக மூன்றாவதை இழுத்தேன். பாயின் கீபோர்டு. இடுக்கியைப் போட்டேன். ஸ்விட்ச் வரவில்லை. ஆட்டினேன். அசையவில்லை. எனக்கு நிஜமாகவே வியர்த்தது.

"இப்ப நடிக்கிறாரு!" என்றாள் அந்தப் பெண். கடையே சிரித்தது.

"ப்பா, வரலைன்னா விட்டுடுங்க" என்றாள் நிவேதா.

வாடிக்கையாளரை வெறும் கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவன் நான். இடது கையால் கீபோர்டை அமுக்கி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். 'டப்' என்று ஸ்விட்சின் மூடி உடைந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி, அழகாக வளைந்து பறந்து பாயின் டீயில் விழுந்தது. முந்தானையைக்கூட அவ்வளவு துல்லியமாக நான் போட்டதில்லை.

பாய் டீயைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். "இன்னா சார், W பூட்ச்சே! இனிமே இதுல ஆடுறவன் பின்னாலயேதான் போய்க்கினு இருக்கணும்."

நிவேதா சிரிக்கவில்லை. "அப்பா, உண்மையச் சொல்லுங்க. பிராக்டிஸ் பண்ணீங்களா?"

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டா?" ஓரத்திலிருந்து செல்வி குரல் வந்தது. "புதன்கிழமை பூரா அதேதான் வேலை. ஒரு காய் நறுக்கித் தரலை!"

மேஜை போச்சு என்று நினைத்தேன். நிவேதாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அந்த அக்கா சொன்னது சரி. எங்கப்பா பழகிட்டு வந்திருக்காரு. எனக்குத் தெரியாது. ஆனா அவர் செஞ்சது கணக்குல வராது. முதல்லேர்ந்து செய்வோம். அம்மா, நீ வா."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"அதான் வேணும். அப்பா செஞ்சதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். கவனிக்கலை. உங்கப்பா செய்யறதையெல்லாம் கவனிச்சா குடும்பம் நடத்த முடியுமா?"

கம்பிப்பல் பெண்ணே கை தட்டினாள்.

செல்வி முணுமுணுத்துக்கொண்டே முதல் கீபோர்டில் W-வைப் பிடுங்கிப் புதியதைப் போட்டாள். சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் கால் மடங்கியது. நகத்தால் நிமிர்த்தினாள், மறுபடி மடங்கியது. "இது என்னடி சனியன்" என்று திட்டி, ஒருவழியாக உட்கார வைத்தாள்.

"பார்த்தீங்களா? அப்பா கையில ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. அம்மா கையிலதான் வித்தியாசம் தெரியுது" என்றாள் நிவேதா. பிறகு உடைந்த மூன்றாவது கீபோர்டைத் திருகு கழற்றித் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு ஸ்விட்சின் காலும் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. "இதுல மாத்தணும்னா ஈயத்தை உருக்கணும். இழுத்தா வராது. இழுத்தா என்ன ஆகும்னு அப்பா காட்டிட்டாரு."

பாய் டீக்குள் விரல் விட்டு ஸ்பிரிங்கை எடுத்தார். உடைந்த கீபோர்டுக்கு நான் என்ன சொல்வதென்று தவித்தபோது கையமர்த்தினார்.

"அத வுடு சார். பெத்த அப்பாவையே எல்லார் முன்னாலயும் தள்ளுபடி பண்ணிச்சு பாரு உன் பொண்ணு! இந்தப் பொண்ணு எங்க கடைச் சரக்கு மட்டம்னாலும் மட்டம்னுதான் சொல்லும். இத நம்பாம ஜனம் வேற யாரை நம்பும்? மேஜை அதுக்குத்தான்."

எத்தனையோ பேர் என் விற்பனையைப் பாராட்டியிருக்கிறார்கள். என்னைத் தள்ளுபடி செய்ததற்காக என் மகளைப் பாராட்டியபோதுதான் எனக்கு நெஞ்சு விம்மியது.

இப்போதும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு பார்க்கவேண்டும் என்றால்கூட, "அப்பா வேண்டாம், அவர் பிராக்டிஸ் பண்ணியிருப்பாரு" என்கிறார்கள். பாய் கடையில் நிவேதாவின் மேஜைமேல் W இல்லாத அந்தக் கீபோர்டு இருக்கிறது. பக்கத்தில் அவள் கையால் எழுதிய ஓர் அட்டை: 'பயிற்சி எடுத்த அப்பாக்கள் ஓரமாக நிற்கவும்.'

போன வாரம் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "யாருங்க அந்த அப்பா?" என்று கேட்டார்.

ஓரமாக நின்றிருந்த நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கையைத் தூக்கினேன்.