நடு நாற்காலி

ஆதாம் ஏவாள் காலம் தொட்டு மனித இனம் காதலில் சறுக்கி விழுந்து வந்ததற்கு ஒரே காரணம், அதைக் கண்காணிக்க ஒரு செயற்குழு இல்லாததுதான். அந்த மாபெரும் குறையை எங்கள் சபை நீக்கிவிட்டது. 'தேவசித்தத் திருமண வழிகாட்டுக் குழு'வின் தலைவர் அடியேன். உறுப்பினர்கள், மருந்துக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும். மூவருக்கும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல். காதலோடு எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததால் பாரபட்சமின்றி முடிவெடுக்க முடிந்தது.

எங்கள் முறை எளிமையானது. கல்யாணம் செய்ய விரும்பும் ஜோடி, ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் உட்கார்ந்து 'பரிசுத்தமாக'ப் பேசிப் பழகலாம். மூன்று நாற்காலிகள். நடுவில் இருப்பது ஆண்டவருக்கு. அது காலியாகக் கிடந்ததால் சிலர் அதன்மேல் சாய்ந்து கொஞ்சத் தலைப்பட்டார்கள். ஆண்டவருக்கு வேறு வேலைகளும் இருப்பதை உத்தேசித்து, அதில் நானே அமர்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

இதில் வந்து மாட்டியவர்கள் ஒரு நர்ஸும், சபையில் மைக் செட் பார்க்கும் தம்பியும். எங்கள் ஒப்புதல் இல்லாமல் போதகர் கல்யாணம் நடத்தமாட்டார். இருவரும் வேதம் பேசுவார்கள் என்று நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவனோ என் தொப்பையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கால் வீக்கம் குறைஞ்சுதா?" என்றான்.

"பரவால்ல. வார்டுல நின்னுக்கிட்டே இருக்கணும்ல," என்றாள் அவள்.

அவசரக் கூட்டம் கூட்டினேன். 'கால்' என்ற சொல் பரிசுத்த உரையாடலில் வரலாமா என்று விவாதம் நடந்தது. கணுக்கால் வரை அனுமதிக்கலாம் என்றார் மருந்துக் கடைக்காரர். வீக்கம் எதுவரை என்று தெரியாமல் எப்படி அனுமதிப்பது என்று மடக்கினார் வாத்தியார். ஒப்புதலைத் தள்ளிவைத்தோம். நர்ஸ் அழுதாள். அதை 'மனந்திரும்புதல்' என்று பதிவு செய்துகொண்டோம்.

எங்களுக்கும் இரக்கம் உண்டு. கணவன் மனைவி எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குக் காட்ட மாதிரித் தம்பதியாக நானும் என் மனைவியும் தேர்வானோம். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் அவளை உட்கார வைத்து, பழக்கதோஷத்தில் நான் நடு நாற்காலியில் அமர்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"வீட்டைப் பூட்டினியா?" என்றேன்.

"பூட்டினேன்," என்றாள்.

உரையாடல் இனிதே நிறைவுற்றது. வாத்தியார் கைதட்டினார்.

எழுந்திருக்கப் போன என் மனைவி, முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் ஓடிவந்து குனிந்து அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு, ஆறு மாசம் இருக்கும் என்றாள் என் மனைவி. மைக் தம்பி என்னிடம், "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க," என்று சொல்லி, என் நாற்காலியை இழுத்து அவள் காலுக்கு அணை கொடுத்தான்.

நின்றுகொண்டிருந்த எனக்கு அவமானமாக இருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"இந்தப் பொண்ணு காலுக்குக் கூட்டம் போட்டுப் பேசினீங்க. என் கால் உங்க கண்ணு முன்னாடிதான் நடமாடுது," என்றாள். பிறகு அந்த ஜோடியைப் பார்த்தாள். "இவங்களுக்கு அனுமதி குடுக்கலாமான்னு யோசிக்கிறீங்களே, என்னைக் கட்டிக்க அன்னைக்கு உங்களுக்கு யாருங்க குடுத்தது?"