பெல்ட் அறுந்த சனிக்கிழமை

பின்கட்டில் துணி உலர்த்தும் டிரையர் உறுமியது. உள்ளே டிரம் மட்டும் அசையவில்லை.

தாவீது அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சோபா உறைகள் ஈரத்தோடு சுருண்டு கிடந்தன. கூடுவாஞ்சேரியில் நாலு நாளாக விடாத மழை. மாலை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“யாரோ கை வெச்சிருக்காங்க” என்றார்.

“மெஷின்னா ரிப்பேர் ஆகத்தான் செய்யும். யாரு இன்னாத்துக்கு கை வெக்கப் போறாங்க?” சமையலறையில் இருந்தபடியே அவர் மனைவி ரெபேக்காள் கேட்டாள்.

“நேத்து காலையில ஓடிச்சில்ல?”

தாவீது முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். கழிவறையில் ஒளிந்தவனையும், மேல் பர்த்தில் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தவனையும் பிடித்துப் பிடித்து, உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள், மீதிப் பேர் அடுத்தவன் டிக்கெட்டில் வந்தவர்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு பரிசோதிக்க ரயில் இல்லை. வீடு இருந்தது.

மகள் ஷாரோனுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் அதில்தான் போயின. முதல் பையனின் ஆபீசுக்கே போன் போட்டு, அப்படி ஒருவன் அங்கே இருக்கிறானா என்று மூன்று பேரிடம் விசாரித்தார். இரண்டாவது பையன் போட்டோவில் இருந்ததைவிடக் குள்ளமாகத் தெரிகிறான் என்று சுவரோரம் நிற்கவைத்து டேப்பால் அளந்தார். மூன்றாவது பையனின் அப்பாவிடம் ஆதார் அட்டை கேட்டார். அவர் காட்டவும் காட்டினார், பாவம். இவர் அட்டையை ஒரு தரம், முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, “போட்டோ பழசா?” என்றார். காபி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

ஷாரோன் பொத்தேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்தொன்பது வயதாகிறது. இப்போது வருவது கோவளத்து ஜோயல். போனில் நாலைந்து தடவை பேசியதில் அவளுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. காலையிலேயே அப்பா முன்னால் வந்து நின்று சொல்லிவிட்டாள்.

“அப்பா, இதுவும் போச்சுன்னா நான் இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் யாரையும் எதுவும் கேக்காதீங்க.”

“நான் இன்னாம்மா கேக்கப் போறேன்” என்றார் தாவீது. அவர் சட்டைப் பையில் ஜோயலிடம் கேட்க வேண்டிய பதினான்கு கேள்விகள் ஒரு தாளில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே மகள்; எவனாவது ஏமாற்றிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. பாசத்தில் வந்த பயம்தான். ஆனால் சுவரோரம் நின்று அளவு கொடுக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது?

“சின்னராச கூப்புடட்டுமா?” என்றாள் ரெபேக்காள்.

சின்னராசு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்.

“அவனையா? நேத்து சாயங்காலம் உள்ள சேர்ந்த பஞ்ச எடுக்கறேன்னு வந்துட்டுப் போனான். இன்னிக்கு மெஷின் பூடுச்சு. உனக்கு ஒண்ணும் தோணல?”

“இன்னா தோணணும்? எனக்கு சோபா கவர் காஞ்சா போதும். நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க.”

தாவீது போனில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு முன்பக்கத் தகட்டைக் கழற்றினார். டிரம்மைச் சுற்றி இருக்க வேண்டிய கறுப்பு பெல்ட் அடியில் செத்த பாம்பாகக் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ரெபேக்கா, இங்க வா. தேஞ்சு அறுந்தா நார் நாரா நிக்கும். இது பிளேடு பட்ட மாதிரி கீது. அறுத்திருக்கான். வேலை வரணும்னு அவனே அறுத்து வுட்டிருக்கான்.”

ரெபேக்காள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருக்கும், யாரு கண்டா” என்றாள்.

அறுத்தவன் கையாலேயே ரிப்பேர் செய்துகொள்வதாவது? தாவீது சைக்கிள் பங்ச்சருக்கு ஒட்டும் சொல்யூஷனைத் தேடி எடுத்து, அறுந்த இரண்டு முனைகளையும் ஒட்டி, மேலே டியூப் துண்டு வைத்துத் தைத்தார். மாட்டி சுவிட்சைப் போட்டார். டிரம் மூன்று சுற்று சுற்றியது. நாலாவது சுற்றில் பெல்ட் பிய்த்துக்கொண்டு வந்து அவர் நெற்றியில் அறைந்தது.

நெற்றியில் பட்டையாகக் கறுப்பு. டிரம் ஒரு பக்கம் சாய்ந்து, சோபா உறைகளைக் கவ்விக்கொண்டு நின்றது. அதை நிமிர்த்த அவர் பின்பக்கத்தையும் கழற்றினார். டிரம் மொத்தமாக வெளியே வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. உறைகளை உருவியபோது, வெள்ளைத் துணி முழுக்க ரப்பர் கோடுகள்.

கழற்றி டம்ளரில் போட்டு வைத்த திருகாணிகளை எண்ணினார். பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது.

“ஷாரோன், இங்க வந்தியா நீ?”

“வரலப்பா.”

“அப்ப வேற யாரு வந்தாங்க?”

“அப்பா, ஆணி உங்க முட்டிக்குக் கீழ கீது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக மணி இரண்டாகிவிட்டது. டிரம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாவீது, வேறு வழியில்லாமல், “சரி, கூப்புடு அவன” என்றார்.

சின்னராசு ஐந்தே நிமிஷத்தில் வந்தான். பையிலிருந்து புது பெல்ட்டை எடுத்தான். அளவு அச்சாகப் பொருந்தியது.

தாவீதின் கண்கள் சுருங்கின. “பெல்ட்டுதான் பூடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?”

“அக்காதான் சார் போன்ல சொன்னாங்க.”

“மஸ்கட்லேர்ந்து மச்சான் கொண்டாந்த மெஷின் இது. இதுக்கு பெல்ட்டு உன் பையில எப்படி ரெடியா கீது?”

“நேத்து வந்தப்ப மெஷின் நம்பர பாத்து வெச்சேன் சார். என்னிக்காவது தேவைப்படும்னு.”

“என்னிக்காவது. அது இன்னிக்கே ஆயிப்போச்சு, இல்ல?”

சின்னராசு குனிந்து பையில் ஸ்பேனரைத் தேடினான். தாவீது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். இனி இவன் கையை விட்டுப் பார்வையை எடுப்பதில்லை என்று முடிவு செய்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சின்னராசு ஒவ்வொரு ஆணியையும் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினான். இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறவனை அவர் அரசாங்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. ஜோயல், அவன் அம்மா பிரிசில்லா, கூட அவர்கள் சபையின் பாஸ்டர்.

“ஏங்க, வந்துட்டாங்க. தலைய காட்டிட்டு வந்துடுங்க” என்றாள் ரெபேக்காள்.

“நான் அங்க போனா இவன் இங்க இன்னாத்த அறுப்பான்னு தெரியாது.”

“அப்ப ரெண்டே நிமிஷம்.”

தாவீது சட்டையை மாற்ற நேரமில்லாமல், நெற்றிப் பட்டையோடு கூடத்துக்கு வந்தார். சோபாவில் பளிச்சென்று நீல நிற உறைகள்.

“இது ஏது?” என்றார் மெல்ல.

“மாடி வூட்ல வாங்கினேன்.”

அப்படியானால் காலையிலிருந்து நான் எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பிரிசில்லா எழுந்து நின்று, “ஸ்தோத்திரம் அண்ணே” என்று சொல்லிவிட்டார்.

“ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். உக்காருங்க.” கேள்வித் தாளை எடுக்கக் கை சட்டைப் பைக்குப் போனது. விரல்களில் எல்லாம் கிரீஸ். சரி, மனப்பாடமாகவே கேட்டுவிடலாம். “தம்பி, நீங்க வேலை பாக்கற எடம்...”

பின்னால் டணார் என்று ஒரு சத்தம்.

தாவீது ஓடினார். “இன்னாடா அது?”

“ஸ்பேனர் வுழுந்துச்சு சார்.”

திரும்பி வந்தார். ஷாரோன் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் ஜோயலிடம் போகாமல் அப்பாவிடமே இருந்தது. தாவீதுக்கு அந்தப் பார்வை என்னவோ செய்தது. இருந்தாலும் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா?

“தம்பி, போன மூணு வருஷத்துல நீங்க எத்தினி கம்பெனி...”

டணார்.

மறுபடி ஓட்டம். மறுபடி ஸ்பேனர்.

பாஸ்டர் ஜெபம் செய்தபோது எல்லோரும் கண்ணை மூடினார்கள். தாவீது மட்டும் பின்கட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பி, இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்திருந்தார். ஆமென் சொல்லி வாயை மூடுவதற்குள் அங்கே ஏதோ உருண்டது. அவர் போனவர் திரும்பி வரவில்லை.

கூடத்தில் பிரிசில்லாவின் குரல் கேட்டது.

“அண்ணன் வேலையே கண்ணா கீறாரு. எங்க வூட்டுக்காரரு இருந்த வரிக்கும் ஒரு பல்பு மாத்தினது கெடையாது. நாங்க போற எடத்துல எல்லாம் என் புள்ளைய கூண்டுல நிக்க வெச்சு கேள்வி கேட்டாங்க. இந்த மனுஷன் ஒரு வார்த்த கேக்கல. எங்களுக்கு சம்மதம்.”

கிறிஸ்மசுக்கு முன்னால் நிச்சயதார்த்தம், ஜனவரி கடைசியில் கல்யாணம் என்று முடிவானது. கார் கிளம்பிப் போன சத்தமும், டிரம் சீராகச் சுற்ற ஆரம்பித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ஷாரோன் பின்கட்டுக்கு ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். புதுப்புடவையில் கிரீஸ் ஒட்டியதை அவள் பார்க்கவே இல்லை.

“பாத்தியா, நான் ஒரு கேள்வி கேக்கல” என்றார் தாவீது. பொய்தான், ஆனால் அவருக்கே அது உண்மை போலத் தோன்றியது. இத்தனை நாள் கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்து வருத்தப்பட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது.

அது நீண்ட நேரம் நிற்கவில்லை. பையைத் தூக்கிய சின்னராசுவை நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

“பெல்ட்ட நீதான் அறுத்த. எனக்குத் தெரியும். இனிமே இந்த வூட்டுப் பக்கம் உன்ன பாக்கக் கூடாது.”

“சரி சார்” என்றான் சின்னராசு பணிவாக.

அறுந்த பெல்ட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சாட்சியாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டப் போனார் தாவீது.

மழை இன்னும் விடவில்லை. ரெபேக்காள் குடையைப் பிடித்துக்கொண்டு சின்னராசுவைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். அவன் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, நிச்சயத்துக்கு ஃப்ரிட்ஜு போதும். கல்யாணத்துக்கு இன்னாத்த அறுத்து வுடறதுன்னு இப்பவே யோசிச்சு வைங்க.”